எழுபத்திரண்டாவது மேடு

அறுபத்து மூன்று வயதில் என் மனைவி வெல்மா மீது போலீஸில் ஒரு புகார் வந்தது. அடுத்தவர் நிலத்துக்குள் அத்துமீறி நுழைந்தாள், கேட்டைத் திறந்து போட்டாள், மூன்று மாடுகள் சாகக் காரணமானாள் என்று. பக்கத்து வீட்டுப் புல்தரையைக்கூடக் குறுக்கே மிதித்து நடக்காதவள் அவள். அந்தப் புகார் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. முதலிலிருந்தே சொல்கிறேன்.

வெல்மா இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். காலையில் நாற்பத்தொரு மைல், பிற்பகலில் அதே நாற்பத்தொரு மைல். ஓய்வு பெற்ற வாரமே மாநில வரைபடம் ஒன்றை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் எழுபத்திரண்டு மாவட்டங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்த இடம் மற்ற எல்லாவற்றையும்விட உயரமோ, அந்த இடத்தில் போய் நிற்கப் போகிறேன் என்றாள். எதற்கு என்று கேட்டேன்.

"இத்தன வருஷம் ஒரே ரோட்டுல போயிட்டு வந்தேன், ரோலண்ட். இனிமே ரோடு முடியிற எடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன்" என்றாள்.

மலையேற்றம் என்றதும் பனிச் சிகரமும் கயிறும் நினைவுக்கு வர வேண்டாம். எங்கள் பக்கத்து உச்சிகள் பெரும்பாலும் மக்காச்சோளக் கொல்லையின் நடுவில் இருக்கும். சில, முள்ளும் கொசுவும் மண்டிய காட்டுக்குள். ஒன்று சரளைக்கல் குவாரியின் விளிம்பில், இன்னொன்று ஒருவர் வீட்டுக் கோழிக் கொட்டகைக்குப் பின்னால். தரை தட்டையான மாவட்டங்களில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஐந்தாறு மேடுகள் கிடக்கும். எது உயர்ந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. அத்தனையிலும் ஏறி நின்றால்தான் ஏறியதாக அர்த்தம். ஒரு மாவட்டத்தில் பதினான்கு மேடுகள். வெல்மா இரண்டு நாள் சுற்றி, உண்ணி கடித்துக் காலெல்லாம் தடித்து, சிரித்துக்கொண்டே வந்து வண்டியில் ஏறினாள்.

நான் ஏறுவதில்லை. நாற்பது வருஷம் மண்டியிட்டுத் தரை ஓடு பதித்தவன் நான், முழங்கால் இரண்டும் போய்விட்டன. வண்டியை ஓரமாக நிறுத்தி, ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டு, அவள் திரும்பி வரும்வரை சாண்ட்விச்சுக்குக் காவல் இருப்பேன்.

ஒரு விஷயத்தில் அவள் கண்டிப்பு. யார் நிலமாக இருந்தாலும் முதலில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். பெயரைச் சொல்லி, எதற்கு வந்தேன் என்று சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகுதான் காலை வைக்க வேண்டும். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். பேரீச்சம்பழம் வைத்து அவள் சுடும் ஓட்ஸ் கேக் ஒரு டப்பா எப்போதும் கையில் இருக்கும். கதவைத் திறந்தவர் மறுத்தாலும் டப்பாவைக் கொடுத்துவிட்டுத்தான் வருவாள். ஆறு வருஷத்தில் நூற்றுக்கு மேல் கதவுகளைத் தட்டியிருப்பாள். நாய் துரத்தியிருக்கிறது. ஒருவர் துப்பாக்கியோடு வந்து நின்றிருக்கிறார். அவரே அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார்.

எழுபத்தொரு மாவட்டங்கள் அப்படி முடிந்தன. மிச்சம் இருந்தது கெல்னர் மாவட்டம் ஒன்று. அதன் உச்சி ஆர்வின் ஸ்லாமா என்பவரின் பால் பண்ணையில், மாடு மேய்கிற மேட்டு நிலத்தில் இருந்தது.

ஸ்லாமாவுக்கு எழுபது வயதுக்கு மேல். கல்யாணம் ஆகவில்லை. தங்கை பெர்னடீனும் அவரும் மட்டும் பண்ணையைப் பார்த்துக்கொண்டார்கள். முதல் தடவை வெல்மா போனபோது கொசுவலைக் கதவைத் திறக்காமலே, இங்கே பார்க்க ஒன்றுமில்லை, மாடுதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவை போனபோது அவர் மேட்டு நிலத்தின் பின்பக்கம், மண் பாதை முடிகிற இடத்தில் இரும்புக் கேட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். அன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் கேட்டின் சங்கிலியை மட்டும் காட்டினார். அதை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியில் மாட்ட வேண்டும், ஒரு சுற்று விட்டால் கிடேரிகள் மூக்கால் நெம்பித் திறந்துவிடும் என்றார். வெல்மா அவர் மாட்டுவதை நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது தடவை அவள் நேரில் போகவில்லை. இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். மூன்று வாரம் கழித்து, தீவனக் கடையின் பெயர் அச்சடித்த சின்னத் தாளில் பதில் வந்தது. நவம்பரில் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு வரலாம், அதற்குள் கிடேரிகளைக் கொட்டகைக்கு இறக்கிவிடுவோம், அதற்கு முன்னால் யாரும் வர வேண்டாம். கீழே ஆ. ஸ்லாமா என்று கையெழுத்து. வெல்மா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். போகும்போதும் வரும்போதும் அதைப் படித்தாள்.

இதைப் போலவே மாவட்ட உச்சிகளில் ஏறுகிறவர்களுக்கு ஒரு கழகம் இருக்கிறது. நாற்பது பேர் இருப்பார்கள். வருஷா வருஷம் ஜூனில் ஒரு பூங்காவில் கூடி, சாசேஜ் சுட்டு, உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டு, வழி விசாரித்துக்கொள்வோம். அந்த ஜூனில் கார்சன் ஹேல் என்று ஒருவர் புதிதாக வந்தார். நாற்பத்து நான்கு வயது, ஏரிக்கரை வீடுகளை விற்கிறவர். நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளில் அவர் முகம் இருக்கும். முப்பது நாளுக்குள் எழுபத்திரண்டையும் முடிக்கப் போகிறேன், யாரும் செய்ததில்லை, எல்லாவற்றையும் வீடியோ எடுத்து இணையத்தில் போடுவேன் என்றார். எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள்.

கெல்னர் மாவட்டத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் வெல்மாவைக் காட்டினார்கள். அவர் காகிதத் தட்டோடு எங்கள் மேஜைக்கு வந்தார். வெல்மா எதையும் மறைக்கவில்லை. பின்பக்கம் மண் பாதை இருப்பதைச் சொன்னாள், சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதைச் சொன்னாள். ஸ்லாமா நவம்பருக்கு முன்னால் யாரையும் விடமாட்டார், எனக்கே அப்போதுதான் அனுமதி, நீங்களும் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்று முகவரியையும் எழுதிக் கொடுத்தாள். கட்டாயம் எழுதுகிறேன் என்றார் அவர். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், என் காதால் கேட்டேன்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டு வாசலில் மாவட்டப் போலீஸிலிருந்து துணை ஷெரீப் ஒருவர் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை.

"மேடம், நேத்து காலைல ஆர்வின் ஸ்லாமா பண்ணைக்குப் போனீங்களா?"

"போகல. நவம்பர்லதான் வரச் சொல்லியிருக்காரு. எதுக்குக் கேக்கறீங்க?"

அவர் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் யாரோ பின்பக்கக் கேட் வழியாக ஸ்லாமாவின் மேட்டுக்குப் போயிருக்கிறார்கள். கேட்டைச் சரியாக மூடவில்லை. பதினொரு கிடேரிகள் வெளியே வந்துவிட்டன. எல்லாம் சினை, ஜனவரியில் கன்று போட வேண்டியவை. எட்டை மடக்கிவிட்டார்கள். மூன்று நெடுஞ்சாலைக்குப் போய்விட்டன. வளைவில் வந்த பால் லாரி அவற்றின் மேல் மோதிப் பள்ளத்தில் இறங்கியது. ஓட்டுநருக்குக் காறை எலும்பு முறிந்தது. இரண்டு கிடேரிகள் அங்கேயே செத்தன. மேட்டுக்கு ஏற வேண்டும் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் இந்தப் பெண்தான் என்று ஸ்லாமா எங்கள் முகவரியைக் கொடுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வெல்மா என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். என் முழங்காலுக்கு ஊசி போட்ட சீட்டில் தேதியும் நேரமும் இருந்தன. துணை ஷெரீப் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெல்மாவும் அதை எதிர்பார்க்கவில்லை. சமையலறையில் போய் நாற்காலியில் உட்கார்ந்து, சினை மாடுகள், ரோலண்ட், சினை மாடுகள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

யார் என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கழகத்தின் இணையப் பக்கத்தில் தேடினேன், மறுநாளே கிடைத்தது. கார்சன் ஹேல் தன் வீடியோவைப் போட்டிருந்தார். கெல்னர் மாவட்டம், பதினெட்டாம் நாள், காலை ஆறே முக்கால். மேட்டின் மேல் நின்று பேசுகிறார். பின்னால் பனிமூட்டத்திலிருந்து கிடேரிகள் ஒவ்வொன்றாக வந்து அவரை மோந்து பார்க்கின்றன. வரவேற்புக் குழு வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கிறார். ஒரு கிடேரி அவருடைய சட்டைக் கையை நக்குகிறது. நெற்றியில் வெள்ளைத் திட்டு. நூற்றுக்கணக்கான பேர் அதைப் பாராட்டியிருந்தார்கள்.

வெல்மா அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள், நானும் கேட்டேன். கேட்டை மூடிவிட்டுத்தான் வந்தேன் என்றார். சங்கிலியை எத்தனை சுற்றுச் சுற்றினீர்கள் என்று கேட்டாள். அவருக்கு நினைவில்லை. நடந்தது வருத்தம்தான் என்றார்.

"ஆனா மாடுன்னா வெளிய வரத்தானே செய்யும், வெல்மா. அந்தாளுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும். இத பெருசாக்காதீங்க, நம்ம எல்லாருக்கும்தான் கெட்ட பேரு."

நம்ம எல்லாருக்கும் என்றதைக் கேட்டு என் காது சுட்டது. வெல்மா போனை வைத்துவிட்டாள். பிறகு அந்த வீடியோவைத் துணை ஷெரீப்புக்கு அனுப்பினாள். அடுத்த நாள் தொண்ணூறு மைல் வண்டி ஓட்டிக்கொண்டு ஸ்லாமாவைப் பார்க்கப் போனோம்.

அவர் வாசலிலேயே நின்றார். நான் செய்யவில்லை, செய்தவர் பெயரை ஷெரீப்பிடம் கொடுத்திருக்கிறேன் என்று வெல்மா சொன்னாள்.

"பின்பக்க வழி அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

ஜூனில் நடந்ததை முழுக்கச் சொல்லியிருக்கலாம். கடிதம் எழுதச் சொன்னேன், சங்கிலியைப் பற்றிச் சொன்னேன் என்று ஆரம்பித்திருக்கலாம். அவள் அப்படி ஆரம்பிக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்."

ஸ்லாமா கதவைச் சாத்திவிட்டார். பக்கத்து ஜன்னலில் பெர்னடீனின் முகம் தெரிந்தது, உடனே அதுவும் மறைந்தது. திரும்பி வரும்போது நான் வழியெல்லாம் கார்சன் ஹேலைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் கடைசியில் கழகத்தின் ஆண்டு விருந்து. ஒவ்வொரு வருஷமும் ஏரிக்கரை உணவு விடுதி ஒன்றில், வெள்ளிக்கிழமை வறுத்த மீன் சாப்பாட்டோடு நடக்கும். கார்சன் ஹேல் இருபத்தொன்பதே நாளில் முடித்துவிட்டதால் அவருக்கு மரத்தில் செதுக்கிய பட்டயம் கொடுப்பதாக ஏற்பாடு. வெல்மா ஒரு வாரம் முன்பே கழகத் தலைவர் லோவெல் பிஞ்சைப் பார்த்துப் பேசினாள். அவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கழகத்தின் விதியில் உச்சியில் நிற்க வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது, அனுமதி வாங்குவது அவரவர் பண்பு, நாம் நீதிமன்றம் இல்லை என்றார். அப்படியானால் விருந்தில் எழுந்து பேசுவேன் என்றாள் வெல்மா. பேசாதே என்று சொல்ல அவருக்கு விதி இல்லை.

மீன் பரிமாறி, லோவெல் பிஞ்ச் பட்டயத்தைக் கையில் எடுத்தபோது வெல்மா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. அத்தனை வருஷம் பஸ்ஸின் கடைசி இருக்கைவரை கேட்கும்படி பேசிப் பழகிய குரல், உயர்த்த வேண்டியதில்லை.

"கார்சன், ஒரே ஒரு கேள்வி. கெல்னர்ல நீங்க ஏறி நின்னீங்களே, அந்த நிலம் யாரோடது? அவரு பேரு என்ன?"

அவர் சிரித்தபடி பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒரு விவசாயி, என்று ஆரம்பித்தார். அந்தப் பால் பண்ணைக்காரர், என்றார். பெயர் வரவில்லை. ஜூனில் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள், அதற்குப் பிறகு மூன்று மாடுகள் செத்திருக்கின்றன, ஷெரீப் ஆபீஸிலிருந்து கடிதம் போயிருக்கிறது. அப்போதும் அந்தப் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

"ஆர்வின் ஸ்லாமா" என்றாள் வெல்மா. பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துப் பேசினாள். இந்த மாநிலத்தின் உச்சிகளில் பாதி யாரோ ஒருவருடைய கொல்லையில் இருக்கிறது, அவர்கள் கதவைத் திறந்ததால்தான் நாம் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மீன் சாப்பிடுகிறோம் என்றாள். அந்த ஒரு மேட்டை இவர் கணக்கில் சேர்க்கக் கூடாது, எழுபத்தொன்று என்று போடுங்கள், நான் கேட்பது அவ்வளவுதான் என்றாள்.

கார்சன் ஹேல் எழுந்து, தனக்கும் மனசு கனக்கிறது, ஆனால் கேட் பழைய கேட், ஒரு விபத்துக்காக ஒரு மாத உழைப்பை அழிப்பது நியாயமா என்றார். லோவெல் பிஞ்ச் தொண்டையைச் செருமிக்கொண்டு, கை தூக்கி முடிவு செய்யலாம் என்றார். வெல்மா பக்கம் பதினான்கு கை. எதிர்ப்பக்கம் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதில் ஆறு பேர் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து எங்கள் பீரைக் குடித்தவர்கள். கை தூக்கும்போது அவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள்.

நான் கூட்டத்தில் வாய் திறக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு மேஜையைப் பிடித்து எழுந்து நின்றேன்.

"ஆறு வருஷமா வண்டியில உக்காந்து இவ கதவு தட்றத பாத்திருக்கேன். ஒங்கள்ல பாதிப் பேருக்கு இவ தட்டின கதவு வழியாத்தான் உள்ள போக முடிஞ்சுது. வெக்கமா இல்ல?"

நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். வாசலைத் தாண்டும்போது உள்ளே கைதட்டுகிற சத்தம் கேட்டது. பட்டயத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

நவம்பரில் அந்தச் சனிக்கிழமை வந்தது. ஸ்லாமா கொடுத்திருந்த நாள். வெல்மா காலை ஆறு மணிக்கே எழுந்து நிலவறையைச் சுத்தம் செய்ய இறங்கினாள். பெட்டிகளை இழுத்துப் போடுகிற சத்தம் சாயங்காலம்வரை கேட்டது. நான் இரண்டு தடவை காபி கொண்டுபோய் வைத்தேன், இரண்டும் ஆறிக் கிடந்தன. குளிர்பெட்டிக் கதவில் இருந்த தாளை அவள் எப்போதோ எடுத்துவிட்டிருந்தாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் அத்துமீறி நுழைந்த வழக்கு கெல்னர் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தது. கார்சன் ஹேல் அபராதத்தை ஒத்துக்கொள்ளாமல் வழக்கறிஞரோடு வந்திருந்தார். குற்றம் என்று பதிவாகிவிட்டால் லாரி ஓட்டுநரும் ஸ்லாமாவும் இழப்பீடு கேட்பார்கள், அதற்குத்தான். வெல்மாவைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். ஸ்லாமா சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வழக்கறிஞர் கேட்டின் படத்தைக் காட்டி, இது பழுதானது, பண்ணைக்காரரின் கவனக்குறைவு என்றார். ஸ்லாமாவின் கழுத்து சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அடுத்து கார்சன் ஹேல், அது தனியார் பாதை என்றோ சங்கிலியை எப்படி மாட்ட வேண்டும் என்றோ தனக்கு யாரும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்த வாயால் சொன்னார். எனக்கு எழுந்து போய் அவர் சட்டையைப் பிடிக்கத் தோன்றியது.

வெல்மாவைக் கூப்பிட்டார்கள். ஜூனில் பூங்காவில் நடந்ததை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முகவரி எழுதிக் கொடுத்தது, நவம்பருக்கு முன்னால் போகக் கூடாது என்றது, சங்கிலி இரண்டு சுற்று என்றது. இவ்வளவு துல்லியமாக எப்படி நினைவிருக்கிறது என்று வழக்கறிஞர் கிண்டலாகக் கேட்டார்.

"எனக்கு மிஸ்டர் ஸ்லாமா ஒரு தடவ காமிச்சாரு. அவரு நிலத்துல கால் வைக்கணும்னு ஆசப்பட்டேன். அதனால கவனிச்சேன்."

நீதிபதி நடுத்தர வயதுப் பெண்மணி. கார்சன் ஹேலின் வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். கிடேரி சட்டைக் கையை நக்குகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு குற்றம் உறுதி என்று எழுதினார். அபராதம் என்னவோ நாங்கள் வண்டிக்குப் புது டயர் வாங்கியதைவிடக் குறைவு. கார்சன் ஹேல் போனைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்.

நடைபாதையில் ஸ்லாமா காத்திருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"ரெண்டு சுத்துன்னு அவன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அத அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"கதவ சாத்திட்டீங்க. சாத்தலன்னாலும் வழி சொன்னது நான்தான், அது மாறாது."

அவர் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி, "சனிக்கிழமை ஒம்போது மணி. இவரையும் கூட்டிட்டு வாங்க. வண்டியிலயே உக்காந்துருப்பாராமே, நீங்க கடுதாசில எழுதியிருந்தீங்க. டிராக்டர் இருக்கு" என்றார்.

அந்தச் சனிக்கிழமை முழங்கால் அளவுக்குப் பனி. டிராக்டருக்குப் பின்னால் ஓர் இழுவை வண்டியைப் பூட்டி, அதில் புல் கட்டைப் போட்டு என்னை உட்காரவைத்தார். வெல்மா ஏறவில்லை. நடந்துதான் மேலே வருவேன் என்று சக்கரத் தடத்திலேயே பின்னால் வந்தாள். எழுபத்தொரு உச்சிகளை நான் வண்டியிலிருந்து பார்த்தவன். இந்த ஒன்றுக்குத்தான் மேலேவரை போனேன்.

மேலே ஒன்றுமில்லை. வயலில் பொறுக்கிப் போட்ட கல் குவியல் ஒன்று, கம்பி வேலி, நாலா பக்கமும் வெள்ளை. வெல்மாவின் வரைபடப்படி அங்கே மூன்று இடம் ஏறக்குறைய சம உயரம். அவள் மூன்றுக்கும் நடந்தாள். ஸ்லாமா அவளோடு வாதாடினார். கிழக்கு ஓரம்தான் உசரம், ஐம்பது வருஷமாக இங்கே மாடு மேய்க்கிறேன், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா என்றார். அரசாங்க அளவுப்படி கல் குவியல் பக்கம் அரை அடி அதிகம் என்றாள் அவள். அரசாங்கம் இங்கே வந்து மேய்க்கட்டும் என்றார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுதான் அன்று நடந்ததை அவராகச் சொன்னார். இரண்டு கிடேரிகள் உடனே செத்துவிட்டன. மூன்றாவதற்கு இடுப்பு நொறுங்கிவிட்டது. மருத்துவர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"நானே சுட்டேன்" என்றார். "நெத்தியில வெள்ளை போட்டது. பெர்னடீன் புட்டியில பால் குடுத்து வளத்தது. கூப்பிட்டா வரும். ஆளக் கண்டா பயமே கிடையாது, மொதல்ல அதுதான் போய் நிக்கும்."

வெல்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சட்டைக் கையை நக்கியது அதுதான். ஸ்லாமாவும் நீதிமன்றத்தில் பார்த்திருப்பார். வெல்மா கையுறையைக் கழற்றி அவர் கையைப் பிடித்தாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கீழே பெர்னடீன் காபி போட்டு வைத்திருந்தார். நடுவில் பிளம் பழக்கூழ் வைத்துச் சுட்ட ரொட்டியும் இருந்தது. வெல்மா தன் ஓட்ஸ் கேக் டப்பாவை மேஜையில் வைத்தாள். போன தடவை கொடுத்த டப்பாவை பெர்னடீன் கழுவி எடுத்து வைத்திருந்தார், அதைத் திருப்பிக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு ஸ்லாமா நேராகக் கேட்டார்.

"இத அந்தப் பட்டியல்ல போடுவீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"நீங்க போட்டா, ஸ்லாமா விடறான்னு ஊரெல்லாம் தெரிஞ்சுரும். வசந்தத்துல நாப்பது பேரு வருவான். கதவு தட்றவன் நாலு பேரு. மிச்சம் அவன மாதிரி."

வெல்மா யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. போடமாட்டேன் என்றாள். திரும்பி வரும்போது நான் வண்டியில் சண்டை போட்டேன். ஆறு வருஷம் அலைந்தவள் எழுபத்தொன்று, ஒரு பெயரைத் தெரிந்துகொள்ளாதவன் எழுபத்திரண்டு, இது எந்த ஊர் நியாயம் என்று கத்தினேன்.

"நான் ஏறிட்டேன், ரோலண்ட். அவருக்குத் தெரியும். ஒனக்குத் தெரியும்."

"ஊருக்குத் தெரியாதே."

"ஊரு கை தூக்கினத பாத்தேனே" என்றாள். அப்போதுதான் அவளுடைய கோபம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் மாவட்ட எல்லை தாண்டும்வரை லோவெல் பிஞ்சைப் பற்றி அவள் பேசியதை நான் இங்கே எழுத முடியாது.

ஜனவரியில் லோவெல் பிஞ்சிடமிருந்தே கடிதம் வந்தது. நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தேன், வருந்துகிறேன், நீங்கள் கெல்னரில் ஏறியதாகக் கேள்விப்பட்டேன், தேதியைத் தெரிவித்தால் பட்டியலில் சேர்த்து அடுத்த விருந்தில் உங்களுக்கும் ஒரு பட்டயம் தரலாம் என்று எழுதியிருந்தார். கார்சன் ஹேலின் பெயரை எடுத்துவிட்டோம் என்று அதில் எங்கேயும் இல்லை. வெல்மா ஓர் அஞ்சல் அட்டையில் பதில் போட்டாள். கெல்னரைப் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை, என் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

லாரி ஓட்டுநரின் வழக்கு இன்னும் நடக்கிறது. கார்சன் ஹேலின் முகம் நெடுஞ்சாலைப் பலகையில் இன்னும் சிரிக்கிறது, இப்போது அதற்குக் கீழே இருபத்தொன்பது நாள் சாதனையாளர் என்று சேர்த்திருக்கிறார்கள். லோவெல் பிஞ்ச் பக்கத்து ஊர்தான், மளிகைக் கடையில் அடிக்கடி எதிரே வருகிறார். கையை ஆட்டுகிறார். நான் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். வெல்மா பதிலுக்குக் கை ஆட்டிவிட்டு, முட்டை எங்கே இருக்கிறது என்று தேடப் போகிறாள். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிகிறது.